யார் எந்த மிருகம்? அனிமேவுக்குள் சீனாவின் நான்கு காவல் மிருகங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். ஃபுஷிகி யூகி, கோட் கியாஸ், யு யு ஹகுஷோ, ஒன் பீஸ் ஆகியவற்றின் ஸ்பாய்லர் உண்டு.)

பேபிளேட் பார்த்து வளர்ந்தவங்க எத்தனை பேர் இருக்கீங்க? பம்பரத்தைச் சுத்தி விட்டதும் உள்ளேயிருந்து ஒரு மிருகம் வெளிச்சமா எழுந்து நிற்குமே, அதை யாராலயும் மறக்க முடியாது. டைசன்கிட்ட டிராகூன், காய்கிட்ட டிரான்சர், ரேகிட்ட டிரைகர், மேக்ஸ்கிட்ட டிராசியல். ஒரு டிராகன், ஒரு பறவை, ஒரு புலி, ஒரு ஆமை.

இப்ப ஒரு கேள்வி. உலகத்துல எவ்வளவோ மிருகம் இருக்கு. சிங்கம் இருக்கு, கழுகு இருக்கு, யானை இருக்கு. ஹீரோ டீமுக்கு மிருகம் கொடுக்கணும்னா யாராவது ஆமையைத் தேர்ந்தெடுப்பாங்களா? அந்த ஆமைதான் இன்னைக்கு நம்ம கையில இருக்கிற முதல் தடயம். டிராகன், பறவை, புலி, ஆமை நாலும் ஒரே இடத்துல வந்தாச்சுன்னா, அது 2000 வருஷத்துக்கும் மேல பழைய ஒரு செட். சீன வானத்தின் நான்கு காவல் மிருகங்கள்.

அனிமே ரசிகர்கள் கூடினா இந்த விளையாட்டு கண்டிப்பா நடக்கும். இவன் சுசாகு, அவள் ப்யாக்கோ, இந்த நாலு பேரும் அந்த நாலு மிருகம்னு கோத்துக்கிட்டே போவோம். எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனா சும்மா நிறத்தை மட்டும் பார்த்துக் கோத்தா நிறைய விஷயம் கை நழுவிப் போயிடும். அதனால முதல்ல அந்த மிருகங்களோட சொந்த ஊருக்குப் போயிட்டு, அங்கிருந்து அனிமேவுக்கு வருவோம்.

வானத்துல இருக்கிற நாலு பேர்

முதல்ல பேர், ஊர் விவரம். பேனா வச்சிருக்கிறவங்க எழுதிக்கோங்க.

கிழக்கு: நீல டிராகன். சீனத்துல சிங்லாங், ஜப்பானியத்துல செய்ர்யூ. பருவம் வசந்தம், பூதம் மரம்.

தெற்கு: செந்நிறப் பறவை. சீனத்துல ஜுச்சுவே, ஜப்பானியத்துல சுசாகு. கோடை, தீ.

மேற்கு: வெள்ளைப் புலி. பைஹு, ப்யாக்கோ. இலையுதிர் காலம், உலோகம்.

வடக்கு: கருப்பு ஆமை. ஷுவான்வு, கென்பு. குளிர்காலம், நீர். இந்த ஆமையைச் சுத்தி ஒரு பாம்பு பின்னிக்கிட்டு இருக்கும். பேருக்கு அர்த்தம் பார்த்தா ஆமையே அதுல கிடையாது. ‘இருண்ட வீரன்’ங்கிற மாதிரிதான் வரும்.

டிராகன் நீலமா பச்சையான்னு அடிக்கடி குழப்பம் வரும். பழைய சீனத்துல ‘சிங்’ங்கிற ஒரே சொல் நீலத்தையும் பச்சையையும் குறிக்கும். ஜப்பான்ல இன்னைக்கும் பச்சை சிக்னலை ‘அவோ’ன்னு, அதாவது நீலம்னுதான் சொல்றாங்க. அதனால ஒரு சீரீஸ்ல செய்ர்யூ பச்சையா வந்தா, படம் வரைஞ்சவர் தப்பு பண்ணிட்டார்னு சண்டைக்குப் போகாதீங்க.

இந்த நாலும் முதல்ல மேலே வானத்துல வாழ்ந்தவை. சந்திரன் வானத்தைச் சுத்தி வர்ற பாதையைச் சீனர்கள் 28 வீடுகளாகப் பிரிச்சாங்க. ஏழு ஏழாக நாலு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மிருகம். டிராகனோட ஏழு வீடுகளின் பெயரைக் கேட்டாலே உருவம் தெரிஞ்சிடும்: கொம்பு, கழுத்து, அடிவேர், அறை, இதயம், வால், முறம். கொம்புல தொடங்கி வால் வரைக்கும் ஒரு டிராகனைப் படுக்க வச்ச மாதிரி. வசந்த காலத்து மாலையில கிழக்கு அடிவானத்துல முதல்ல கொம்பு எட்டிப் பார்க்கும். டிராகனுக்கு ஏன் கிழக்கு, ஏன் வசந்தம்னா அதுதான் காரணம்.

சந்திரன் தங்கற வீடுன்னதும் உங்களுக்கு ஏதோ ஞாபகம் வருதா? வரணும். நம்ம ஊர் 27 நட்சத்திரக் கணக்கும் அதே சந்திரப் பாதைதான். பழைய இந்தியப் பட்டியல்கள்ல அபிஜித்தைச் சேர்த்து 28-ம் உண்டு. யாரிடமிருந்து யார் எடுத்தாங்கங்கிறது ஆராய்ச்சியாளர்களுக்குள்ள நீண்ட விவாதம். ஆனா பல இடங்கள்ல நட்சத்திரங்கள் அப்படியே பொருந்துது. டிராகனோட ‘கொம்பு’ நம்ம சித்திரை. டிராகனோட ‘இதயம்’ சிவப்பா மின்னுமே, அது நம்ம கேட்டை. புலிக் கூட்டத்துல நடுவுல ஒரு கொத்து இருக்கு, சீனத்துல ‘மாவ்’, ஜப்பானியத்துல சுபாரு. ஆமா, அந்தக் கார் கம்பெனி லோகோவுல இருக்கிற நட்சத்திரங்கள்தான். நம்ம ஊர்ல அதுக்குப் பேர் கார்த்திகை.

எவ்வளவு பழசு இதெல்லாம்? 1987-ல ஹெனான் மாகாணத்துல பூயாங்ங்கிற இடத்துல ஒரு புதைகுழியைத் தோண்டினாங்க. 6000 வருஷம் பழசு. இறந்தவரோட ஒரு பக்கம் கிளிஞ்சல்களை அடுக்கி ஒரு டிராகன், மறுபக்கம் ஒரு புலி. கிழக்குல டிராகன், மேற்குல புலி! அடுத்தது 1978-ல ஹூபெய் மாகாணத்துல தோண்டின ஸெங் நாட்டுப் பிரபு யீயோட கல்லறை. கி.மு. 5-ம் நூற்றாண்டு. அதுல ஒரு அரக்குப் பெட்டி, அதன் மூடியில 28 வீடுகளின் பெயரும் வட்டமா எழுதியிருக்கு, ரெண்டு பக்கமும் டிராகனும் புலியும். ஹான் பேரரசு காலத்துக்கு வரும்போது நாலு மிருகமும் முழுசாச் சேர்ந்துட்டாங்க. அரண்மனைக் கூரை ஓடுகளின் வட்ட முகப்புல நாலு பேரையும் பார்க்கலாம்.

ஜப்பானுக்கு எப்படிப் போச்சு

சீனாவிலிருந்து கொரியா, கொரியாவிலிருந்து ஜப்பான். கோகுர்யோ கல்லறைகளின் சுவர்கள்ல இந்த நாலு மிருகங்களும் சீறிக்கிட்டு நிற்குது. ஜப்பான்ல நாரா மாவட்டம் அசுகா கிராமத்துல கிடோரான்னு ஒரு சின்ன மேடு. 7-ம் நூற்றாண்டு முடிவு அல்லது 8-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கல்லறை. 1983-ல ஒரு மெல்லிய குழாய் கேமராவை உள்ளே விட்டாங்க. இருட்டுக்குள்ள வடக்குச் சுவர்ல ஒரு ஆமையும் பாம்பும் தெரிஞ்சது. கென்பு! அப்புறம் நடந்த ஆய்வுகள்ல டிராகன், புலி, கூரை முழுக்க ஒரு நட்சத்திர வரைபடம், கடைசியா 2001-ல தெற்குச் சுவர்ல சுசாகு. பக்கத்துல இருக்கிற தகமட்சுசுகா கல்லறையில மூணு பேர்தான் மிச்சம். திருடர்கள் தெற்குச் சுவரை உடைச்சுத்தான் உள்ளே போனாங்க, சுசாகு அதோடு போயிடுச்சு.

இந்த ஓவியங்களை வச்சே ஒரு விஷயம் புரிஞ்சுக்கலாம். நாலு சுவர், நாலு மிருகம். நடுவுல யார்? படுத்திருக்கிற மனுஷன். அதாவது இந்த நாலு பேருக்கும் வேலையே நடுவுல இருக்கிற ஒருத்தரைப் பார்த்துக்கறதுதான். இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

794-ல தலைநகரை ஹெய்யான்-க்யோவுக்கு, அதாவது இன்றைய கியோட்டோவுக்கு மாத்தினப்பவும் இதே கணக்குத்தான்னு சொல்வாங்க. கிழக்குல கமோ ஆறு டிராகனுக்கு, மேற்குல சான்-இன் நெடுஞ்சாலை புலிக்கு, வடக்குல ஃபுனஓகா குன்று ஆமைக்கு, தெற்குல ஓகுரா ஏரி பறவைக்கு. ஊர் நடுவுல 80 மீட்டருக்கும் மேல அகலமான சாலை, அதுக்குப் பேரே சுசாகு சாலை. அந்த ஓகுரா ஏரியை 20-ம் நூற்றாண்டுல வத்த வச்சு வயலாக்கிட்டாங்க. பறவைக்கு வீடு போச்சு, பேர் மட்டும் ஊருக்குள்ள இருக்கு.

சரி, அனிமேவுக்கு வருவோம்

ஒரு கேரக்டரை ஒரு மிருகத்தோடு கோக்கறதுக்கு முன்னாடி நான் மூணு கேள்வி கேட்பேன். ஒண்ணு: நாலு பேரும் இருக்காங்களா, இல்ல ஒருத்தர் மட்டும்தானா? ரெண்டு: நிறத்தைத் தாண்டி திசையோ பருவமோ பூதமோ ஒத்துப்போகுதா? மூணு: அவங்க எதைக் காவல் காக்கறாங்க?

முதல்ல பேபிளேட். நாலும் இருக்கு. பாஸ். ரெண்டாவது கேள்விக்கும் நல்ல மார்க். டிரான்சர் தீ, சரி. டிராசியல் நீர், மேக்ஸோட ஸ்டைலே தற்காப்பு, ஆமை ஓடு மாதிரி. சரி. டிராகூன் புயல் கிளப்புமே, டிராகனுக்கு மரம்தானே வரணும்னு கேட்கலாம். பழைய சீன மருத்துவ நூல்கள்ல கிழக்கு, மரம், காற்று மூணும் ஒரே வரிசை. அதனால அதுவும் சரி. ரே சீனாவிலிருந்து வர்ற பையன், அவனோட பழைய டீம் பேரே ஒயிட் டைகர்ஸ். ஆனா மூணாவது கேள்வியில மாட்டிக்கும். இங்கே மிருகம் எதையும் காவல் காக்கறதில்ல, ஜெயிக்க வைக்குது. பாம்பையும் காணோம். பாவம், எந்த சீரீஸ் எடுத்தாலும் கென்புவோட பாம்புதான் முதல்ல காணாமப் போகும்.

அடுத்தது யு யு ஹகுஷோ, 1992-ல தொடங்கின அனிமே. மேஸ் கேசிலுக்குள்ள கென்பு, ப்யாக்கோ, செய்ர்யூ, சுசாகுன்னு நாலு வில்லன்கள். செட் முழுசா இருக்கு, பேரும் அதே பேர். ஆனா ரெண்டாவது கேள்வியைக் கேளுங்க. கென்பு நீரில்ல, கல். செய்ர்யூ வசந்தம் கிடையாது, அடிச்சா உறைஞ்சு போற பனி. சுசாகு தீ இல்ல, மின்னல். காவலர்கள் பேரை வச்சுக்கிட்டு மனித உலகத்துக்குள்ள பூச்சிகளை ஏவி விடறவங்க. தலைகீழா கவிழ்த்துட்டாங்க. ஒரே ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிக்கும்: சுசாகு தன்னையே ஏழு பேரா பிரிச்சுக்குவான். பறவைக்குரிய வீடுகளும் ஏழு.

டிஜிமான் டேமர்ஸ், 2001. நாலு புனித மிருகங்களுக்கும் ஜப்பானிய வெர்ஷன்லயே சீன உச்சரிப்புப் பேர்தான்: சிங்லாங்மான், ஜுச்சியாவ்மான், பைஹுமான், ஷுவான்வுமான். இவங்களுக்குக் கீழே 12 தேவாக்கள், சீன ராசிச் சக்கரத்தோட 12 மிருகங்கள். தெற்குக் காவலன் ஜுச்சியாவ்மானுக்கு மனுஷங்களைக் கண்டாலே ஆகாது. ஆனா அவங்க நாலு பேரும் ஒரு உலகத்தைக் காக்கத்தான் நிற்கறாங்க. மூணு கேள்வியிலயும் பாஸ் ஆகற சீரீஸ் இது.

ஒன் பீஸ். கைடோவோட பழத்துக்குப் பேரே மீன்-மீன் பழம், மாடல் செய்ர்யூ. அதனால நீல டிராகன்ங்கிறதுல சந்தேகமே வேண்டாம். டிராகனுக்கு ஏன் மீன் பழம்? அருவியை எதிர்த்து நீந்தி மேலே ஏறின கெண்டை மீன் டிராகனா மாறும்னு ஒரு பழைய சீனக் கதை இருக்கு, அதோட இது அழகாப் பொருந்துது. ஆனா இங்கதான் ரசிகர்கள் உற்சாகத்துல அடுத்த படிக்குத் தாவிடுவாங்க. கைடோ டிராகன்னா மத்த மூணு யோன்கோவும் மத்த மூணு மிருகமா? என் முதல் கேள்வியை இங்க கேட்கணும். கதைக்குள்ள அந்தச் செட் இல்ல. அதேபோல அட்மிரல்கள் மூணு பேர்: நீலக் காட்டுக்கோழி, சிவப்பு நாய், மஞ்சள் குரங்கு. நிறம் இருக்கு, மிருகம் இருக்கு, உடனே நாலு மிருகத்தோட கோக்கத் தோணும். ஆனா நாய், குரங்கு, காட்டுக்கோழின்னா அது மோமோதாரோ கதையில வர்ற மூணு நண்பர்கள். வேற கதை, வேற வேர். மார்கோவோட ஃபீனிக்ஸும் அப்படித்தான். சீனாவிலேயே ஃபெங்ஹுவாங்ங்கிற பறவை வேற, தெற்கைக் காக்கற ஜுச்சுவே வேற. தீப்பிடிச்ச பறவை எல்லாமே சுசாகு கிடையாது.

மனசு இல்லாதவன் நெத்தியில ‘இதயம்’

இப்ப இந்த விஷயத்துல முதலிடம் யாருக்குன்னு கேட்டா, எனக்கு ஃபுஷிகி யூகிதான். வதாசே யூவோட மாங்கா 1992-ல வந்தது, அனிமே 1995-ல, 52 எபிசோடு. பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கிற மியாகா, நூலகத்துல ஒரு பழைய சீனப் புத்தகத்தைத் திறந்து அதுக்குள்ளேயே விழுந்துடறாள். உள்ளே நாலு நாடு. பேர்லயே திசை ஒளிஞ்சிருக்கு: கோனான்னா செந்தெற்கு, ஹொக்கானுக்குள்ள வடக்கும் ஓடும், குதோவுக்குள்ள கிழக்கு, சைரோவுக்குள்ள மேற்கு. மியாகா சுசாகுவின் பூசாரிணி. அவளோட உயிர்த் தோழி யூயி எதிர்ப்பக்கம் போய் செய்ர்யூவின் பூசாரிணி ஆயிடறாள்.

இதை ரெண்டாவது தடவை பார்க்கும்போது நான் 28 வீடுகளோட பட்டியலைப் பக்கத்துல வச்சுக்கிட்டேன். வேற சீரீஸ் பார்க்கிற மாதிரியே இருந்தது. மியாகாவைக் காக்கற ஏழு வீரர்களுக்கும் பேர், பறவையோட ஏழு நட்சத்திர வீடுகளின் ஜப்பானியப் பெயர்கள். தசுகின்னா இறகு. தமஹோமே நெத்தியில எழுத்து மின்னுமே, அந்த எழுத்துக்கு அர்த்தம் பேய். அவன் நட்சத்திரம் எதுன்னு தெரியுமா? கடக ராசியில மங்கலா ஒரு சின்னச் சதுரம், நடுவுல பனி மாதிரி ஒரு கொத்து. நம்ம பூசம். தைப்பூசத்தன்னைக்கு ராத்திரி முழு நிலா எந்தப் பக்கம் நிற்குதோ, அதுதான் தமஹோமேவோட வீடு.

எதிர்ப்பக்கத்துல நகாகோ. ஈவு இரக்கமே இல்லாத தளபதி. அவன் நெத்தியில இருக்கிற எழுத்து ‘இதயம்’. டிராகனோட இதயம், அதாவது கேட்டை நட்சத்திரம். மனசே இல்லைன்னு எல்லாரும் நினைக்கிற ஆளோட நெத்தியில மனசுன்னு எழுதி வச்சிருக்காங்க. அவன் சின்ன வயசுல என்ன ஆச்சுன்னு கதை கடைசியில சொல்லும்போது அந்த எழுத்து வேற மாதிரி தெரியும்.

ஃபுஷிகி யூகி இன்னொண்ணும் சொல்லுது. காவல் மிருகம் இலவசமா வராது. சுசாகுவைக் கூப்பிட்டு வரம் கேட்கலாம், ஆனா ஒவ்வொரு வரத்துக்கும் அந்த மிருகம் கேட்டவளையே உள்ளிருந்து தின்னும். மனசு திடமா இல்லைன்னா முழுசா முடிஞ்சுடும். 15 வயசுப் பொண்ணு மேல ஒரு நாட்டையே காப்பாத்தற வேலையை வைக்கறாங்க. சுத்தி நிற்கிற பெரியவங்க அதை ஆசீர்வாதம்னு சொல்றாங்க.

இதே பாரம் கோட் கியாஸிலயும் இருக்கு. குருருகி சுசாகு, நாயகனோட நண்பன், எதிரி ராணுவத்துல சேர்ந்த ஜப்பான் பையன். அவன் அப்பா, ஜப்பானின் கடைசிப் பிரதமர், பேர் கென்பு. அப்பா வடக்கு, மகன் தெற்கு. அப்பா நீர், மகன் தீ. ஐம்பூதக் கணக்குப்படி நீர்தான் தீயை அடக்கணும். இந்த வீட்டுல தலைகீழா நடக்குது. கடைசி ஆள் வரைக்கும் போர்னு நின்ன அப்பாவை 10 வயசு மகனே கொன்னுடறான், ஜப்பான் சரணடையுது. அதுக்கப்புறம் சாவைத் தேடிக்கிட்டே சண்டைக்குப் போறவனா வளர்றான். நாட்டைக் காக்கத்தான் செஞ்சேன்னு சொல்லிக்கிட்டாலும், அந்தச் சுமையை இறக்கி வைக்க அவனுக்கு இடமே கிடைக்கல.

பேர் வச்ச பசங்க

இதெல்லாம் கதைதானேன்னு தோணும். கதையில இல்லாத ஒண்ணைச் சொல்றேன்.

பழைய சீனச் சடங்கு நூல்கள்ல படை நடக்கற முறையைச் சொல்லும்போது இந்த நாலு மிருகமும் வரும். முன்னால பறவை, பின்னால ஆமை, இடப்பக்கம் டிராகன், வலப்பக்கம் புலி. 1868-ல ஜப்பான்ல உள்நாட்டுப் போர். ஷோகுன் பக்கம் நின்ன ஐஸு நாடு தன் படையை வயசு வாரியாப் பிரிச்சு இந்த நாலு பேரையும் வச்சது. 50 வயசுக்கு மேல கென்பு படை. 36 முதல் 49 வரை செய்ர்யூ. 18 முதல் 35 வரை, சண்டைக்கு முன்னால நிற்கறவங்க, சுசாகு. 16, 17 வயசுப் பசங்க ப்யாக்கோ, அதாவது வெள்ளைப் புலிப் படை. ப்யாக்கோதாய்.

பசங்க படை பின்னால இருக்க வேண்டிய படை. எதிரி ஊருக்குள்ள நெருங்கினதும் அவங்களையும் முன்னால அனுப்பிட்டாங்க. தோத்துச் சிதறி, 20 பேர் ஈமோரிக் குன்று மேல ஏறினாங்க. கீழே பார்த்தா ஊர் முழுக்கப் புகை. கோட்டை விழுந்துடுச்சுன்னு நினைச்சுத் தங்கள் உயிரைத் தாங்களே முடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் மட்டும் பிழைச்சார். எரிஞ்சது ஊர், கோட்டை விழல. அது இன்னும் ஏறக்குறைய ஒரு மாசம் தாக்குப் பிடிச்சது.

பிழைச்ச அந்த ஈநுமா சதாகிச்சி பிற்காலத்துல தந்தித் துறையில வேலை பார்த்து, 1931 வரைக்கும் வாழ்ந்தார். செத்துப்போனவங்களை வீரத்துக்கும் விசுவாசத்துக்கும் உதாரணமா பிற்காலத்துல கொண்டாடினாங்க. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தைவிட அவர் வாழ்ந்த மிச்ச 60-க்கும் மேற்பட்ட வருஷங்கள்தான் மனசுல நிற்குது. மத்த 19 பேருக்கும் அந்த வருஷங்கள் கிடைச்சிருக்கலாம். ரூரோனி கென்ஷின்ல வைத்தியம் பார்க்கிற மெகுமி ஐஸுக்காரி, குடும்பத்தை அந்தப் போர்ல இழந்தவள். அவள் முகம் சில நேரம் ஏன் அப்படி இறுகிப் போகுதுன்னு இந்தக் கதை தெரிஞ்சா புரியும்.

புலிக்கு மேற்கு, இலையுதிர் காலம், உலோகம்னு சொன்னேன் இல்லையா. ஐம்பூதக் கணக்குல அது வாளுக்கும் தண்டனைக்கும் உரிய பருவம். அந்தப் பேரைப் பெரியவங்க, இருக்கிறதிலேயே சின்னப் பசங்களுக்குக் கொடுத்தாங்க. புலி அவங்களைக் காக்கல. புலியா நிற்கச் சொல்லி அவங்களை அனுப்பினாங்க.

நடுவுல யார்?

இப்ப அந்தக் கல்லறைச் சுவருக்குத் திரும்புவோம். நாலு மிருகத்துக்கு நடுவுல ஒரு இடம் இருக்கு. ஐந்தாவது திசை, மையம். பூதம் மண், நிறம் மஞ்சள். சில மரபுல அங்கே மஞ்சள் டிராகன், சில மரபுல ச்சிலின், ஜப்பானியத்துல கிரின். ச்சிலின் புல்லைக்கூட மிதிக்காத சாதுவான மிருகம், நல்ல அரசன் ஆளும்போதுதான் வெளியே வரும்னு நம்பிக்கை. கி.மு. 481-ல ஒரு ச்சிலின் பிடிபட்டதோடுதான், கன்ஃபூசியஸ் பேரோட சேர்த்துச் சொல்லப்படற ‘வசந்த இலையுதிர்’ வரலாறு முடியுது.

இதை அனிமேவுல அருமையாப் பிடிச்சது ட்வெல்வ் கிங்டம்ஸ், 2002. அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கிரின். அரசனைத் தேர்ந்தெடுக்கறதே அதுதான். அரசன் வழி தவறினா, முதல்ல நோயில விழறது அந்த கிரின். ஆளறவன் செய்யற தப்பு, அவனைத் தேர்ந்தெடுத்த மிருகத்தோட உடம்புல தெரியும். காவல்னா என்னன்னு இதைவிட நேரடியா சொன்ன அனிமே நான் பார்க்கல.

அதனால ‘நீ எந்த மிருகம்?’ங்கிற க்விஸ் எடுக்கிறப்போ கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கோங்கன்னு சொல்வேன். அந்த மிருகம் யாரைச் சுத்தி நிற்குது? மியாகாவைச் சுத்தி ஏழு பேர் நிற்கறாங்க, அதனால அவளால மிருகத்தைத் தாங்க முடியுது. சுசாகு குருருகியைச் சுத்தி யாருமே இல்ல. ஐஸு பசங்க நடுவுல இருந்திருக்க வேண்டியவங்க. அவங்களைக் கொண்டுபோய் ஓரத்துல நிறுத்திட்டாங்க. பேர் ஒண்ணுதான், நிறுத்தின இடம் வேற.

வீட்டுப்பாடம் ஒண்ணு கொடுக்கறேன். உங்களுக்குப் பிடிச்ச சீரீஸ்ல நாலு பேர் கொண்ட ஒரு டீமை எடுங்க. மூணு கேள்வியையும் போட்டுப் பாருங்க. அப்புறம் அந்த நாலு பேருக்கு நடுவுல யார் நிற்கறாங்கன்னு பாருங்க. சில டீம்ல நடுவுல யாருமே இருக்க மாட்டாங்க, அவங்க சும்மா நாலு ஸ்ட்ராங்கான ஆளுங்க. சில டீம்ல ஒரு குழந்தை இருக்கும், இல்ல ஒரு ஊர், இல்ல ஒரு பழைய வாக்கு. அந்த சீரீஸ்தான் உங்களை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்க விடாம வச்சிருக்கும். கண்டுபிடிச்சதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நல்லதா இருக்கிறதை அடுத்த எபிசோடுல போடறோம்.

அதுல பாம்போட வர்ற கென்பு யாராவது இருந்தா, அதை மறக்காம தனியாச் சொல்லுங்க. இருக்கிற பாம்பையாவது கணக்கெடுத்து வைப்போம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.